குதிர் யார் வீட்டில் இருந்தது?

இது கொஞ்சம் நீளமான கதை.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்த பாடம்தான். மனிதன் வேட்டையாடித் திரிந்தான். பிறகு பயிரிடக் கற்றான். தேவைக்கு மேல் விளைந்தது. நகரம் வந்தது, அரசன் வந்தான், எழுத்து வந்தது. தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு இது போதும். ஆனால் இந்த வரிசையில், விளைச்சலுக்கும் நகரத்துக்கும் நடுவே ஆறாயிரம் ஆண்டுகள் காணாமல் போகின்றன. மேற்காசியாவில் மக்கள் பயிரிடத் தொடங்கியது கி.மு. 9500-ஐ ஒட்டி. நகரம் என்று தயங்காமல் சொல்லக்கூடிய முதல் ஊர், இன்றைய இராக்கின் தென்பகுதியில் இருந்த ஊருக், அந்த அளவுக்கு வளர்ந்தது கி.மு. 3500-க்குப் பிறகுதான். பயிர்த்தொழில் தானாகவே நாகரிகத்தைக் கொண்டுவந்துவிடும் என்றால் இவ்வளவு காலம் ஏன் பிடித்தது?

இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. கோயிலையும் அரண்மனையையும் முதலில் தேட வேண்டாம். விளைந்த தானியத்தை எங்கே வைத்தார்கள், அந்தக் குதிரைத் திறக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்று மட்டும் ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டே போவோம்.

அதற்கு முன் ஒரு தவறான படத்தை விலக்கிவிடலாம். பசியில் வாடிய வேடன் ஒருவன், எறிந்த விதை முளைத்ததைப் பார்த்து வியந்து, அன்றே உழவனாகிவிட்டான் என்ற படம். காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு விதை முளைக்கும் என்பது தெரியாமல் இருந்திருக்க முடியாது. பைபிள் வாசகர்கள் கலிலேயக் கடல் என்று அறிந்த ஏரியில் 1989-இல் நீர் வெகுவாகக் குறைந்தபோது, கரையோரத்தில் 23,000 ஆண்டுகளுக்கு முந்தைய குடிசைகளின் தடம் வெளிப்பட்டது. ஒஹாலோ என்பது அந்த இடத்தின் பெயர். அங்கே காட்டுப் பார்லியும் காட்டுக் கோதுமையும் கருகிக் கிடந்தன. அரைத்த கல்லும் கூடவே இருந்தது. ஜோர்டானின் வடகிழக்கில் ஷுபைக்கா என்ற இடத்தில், பழைய அடுப்பொன்றின் சாம்பலிலிருந்து 14,400 ஆண்டுகளுக்கு முந்தைய ரொட்டித் துணுக்குகளை எடுத்திருக்கிறார்கள். 2018-இல் அந்தச் செய்தி வெளியானது. அந்த ரொட்டியைச் சுட்டவர்கள் வயல் என்ற ஒன்றை அறியாதவர்கள்.

அவர்களுக்கு வயல் தேவைப்படவும் இல்லை. 1960-களில் ஜாக் ஹார்லன் என்ற அமெரிக்கத் தாவர அறிஞர் துருக்கியின் தென்கிழக்கில் உள்ள கராஜதா மலைச்சரிவில் ஒரு சோதனை செய்தார். அங்கே இன்றும் காட்டுக் கோதுமை தானாக விளைந்து நிற்கிறது. சிக்கிமுக்கிக் கல்லைப் பதித்த அரிவாளால் அதை அறுத்துப் பார்த்தார். உமி நீக்கிய கணக்கில் மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் தானியம் தேறியது. ஒரு குடும்பம் மூன்று வாரம் இப்படி அறுத்தால், ஓர் ஆண்டில் தின்று தீர்க்க முடியாத அளவுக்குச் சேர்ந்துவிடும் என்று அவர் கணக்கிட்டார். மூன்று வாரத்தில் ஓராண்டுச் சாப்பாடு என்றால், மண்ணைக் கிளறி, விதைத்து, களை பறித்து, பறவை விரட்டி யார் அல்லாடுவார்?

அதே மலைக்குத் தொலைவில் இல்லாத கோபெக்லி தெபே என்ற குன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிளாஸ் ஷ்மிட் என்ற ஜெர்மன் அறிஞர் 1995 முதல் அங்கே அகழ்ந்தார். ஐந்து மீட்டருக்கு மேல் உயர்ந்த கல்தூண்கள் வட்டம் வட்டமாக நின்றன. அவற்றில் நரி, பாம்பு, கழுகு எல்லாம் செதுக்கப்பட்டிருந்தன. காலம் கி.மு. 9500 வாக்கு. அங்கே கிடைத்த தானியமும் விலங்கெலும்பும் எல்லாம் காட்டு வகை. விளைச்சல் மிஞ்சினால்தான் மனிதர்கள் திரளுவார்கள், பெரிதாகக் கட்டுவார்கள் என்ற எண்ணத்தை அந்தத் தூண்கள் சாய்த்துவிட்டன. கூடிக் கட்டும் ஆசை உழவுக்கு முன்பே மனிதர்களிடம் இருந்தது.

பிறகு என்னதான் மாறியது? முதலில் வானிலை. பனிக்காலத்தின் கடைசியில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த ஒரு குளிரும் வறட்சியும் கி.மு. 9700 வாக்கில் விலகின. மழையும் வெயிலும் ஆண்டுக்கு ஆண்டு ஓரளவு நம்பத்தக்கவை ஆயின. விதைத்தால் விளையும் என்று துணிய அப்படியொரு நம்பிக்கை வேண்டும். அதற்குள் இன்றைய இஸ்ரேல், ஜோர்டான், சிரியா பகுதிகளில் சில கூட்டத்தார் ஓரிடத்தில் தங்கி வாழப் பழகியிருந்தார்கள். ஓரிடத்தில் தங்கினால் பக்கத்துக் காட்டுக்கதிர் போதாமல் போகும் ஆண்டுகளும் வரும். அப்போது ஒரு பிடி விதையை வீட்டருகே ஈர மண்ணில் தூவிவிடுவது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. காட்டு அறுவடைக்கு ஒரு துணை, அவ்வளவுதான்.

புரட்சி செடிக்குள் நடந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் மொத்தக் கதையின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. காட்டுக் கோதுமையின் கதிர், முற்றியதும் கணுக்கணுவாக உடைந்து மண்ணில் கொட்டிவிடும். செடிக்கு அது நல்லது, இனம் பரவும். அறுக்க வருபவருக்கு அது நட்டம். நெல் அறுப்பு நாலு நாள் தள்ளிப்போனால் மணி கொட்டிவிடும் என்று பதறிய உழவர்களுக்கு இந்த வேதனை தெரியும். அபூர்வமாக, எண்ணற்ற செடிகளுக்கு நடுவே ஒன்றில், மரபணுவின் சிறு பிறழ்வால் கணு உடையாமல் நிற்கும். காட்டில் அந்தச் செடி வம்சமற்றுப் போகும். ஆனால் அரிவாளோடு வருபவர் கைக்கு, மற்றவை பாதி கொட்டிப்போன பிறகும், அது முழுசாகச் சிக்கும். அந்த மணியும் கூடையில் சேரும். அதில் ஒரு பங்கு அடுத்த ஆண்டு விதையாகப் புது மண்ணுக்குப் போகும். இப்படியே ஆண்டுக்கு ஆண்டு, யாரும் திட்டமிடாமலே, உதிராத கதிர்கள் பெருகின. கதிரைத் தட்டிக் கூடையில் உதிர்த்தவர்கள் மட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அரிவாளும் விதைப்பும் சேர்ந்ததால் நடந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் இதற்கு இருநூறு ஆண்டுகூடத் தேவையில்லை என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அகழ்ந்தெடுத்த கதிர்க்கணுக்களை ஒவ்வொன்றாக உருப்பெருக்கியில் பார்த்தபோது, ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிடித்திருப்பது தெரிந்தது.

முடிவில் நின்ற செடி, மனிதக் கை படாமல் இனம் பெருக்க முடியாத செடி. அதை நம்பிய மனிதர்களும் மெல்ல மெல்லப் பழைய காட்டு வாழ்வுக்குத் திரும்ப வழியற்றவர்கள் ஆனார்கள். இரண்டு வகைக் கோதுமை, பார்லி, மசூர், பட்டாணி, கொண்டைக்கடலை, ஆளி என்று ஒரு பயிர்க்கூட்டம் சேர்ந்தது. கொஞ்ச காலத்தில் ஆடும் மாடும் பன்றியும் பட்டிக்கு வந்தன.

இப்போது குதிரைத் தேடலாம்.

ஜோர்டானில், சாக்கடலுக்கு அருகே, திரா என்ற சிறிய ஊரில் 11,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட களஞ்சியங்கள் கிடைத்துள்ளன. வட்டமான மண்சுவர்க் கட்டடங்கள், ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலம். கற்களை நட்டு அவற்றின்மேல் மரத்தைப் பரப்பி, தரையை மண்ணிலிருந்து உயர்த்தியிருக்கிறார்கள். கீழே காற்று போகும், ஈரம் ஏறாது, எலியும் எளிதில் நுழையாது. நம் கிராமத்துப் பத்தாயத்தைக் கால்வைத்துத் தூக்கி நிறுத்தும் அதே அறிவு. இதில் இரண்டு விஷயம் என்னை யோசிக்க வைக்கிறது. உள்ளே வைத்த தானியம் இன்னும் உதிரும் காட்டு வகை. அதாவது செடி மாறுவதற்கு முன்பே சேமிப்பு வந்துவிட்டது. அடுத்தது, அந்தக் களஞ்சியங்கள் எந்த வீட்டுக்குள்ளும் இல்லை. வீடுகளுக்கு நடுவே, எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றன. ஒருவர் எடுத்தால் ஊருக்கே தெரியும்.

சேமிப்பு வந்தால் எலி வரும். மேற்காசியாவில் வீட்டெலி மனிதரோடு ஒட்டிக்கொண்டது உழவுக்கும் முன்பே, மக்கள் ஓரிடத்தில் தங்கத் தொடங்கியபோதே. பின்னாலேயே பூனையும் வந்தது. சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறை ஒன்றில் ஒரு மனிதருக்குப் பக்கத்தில் பூனை ஒன்றையும் புதைத்திருக்கிறார்கள். அந்தத் தீவில் காட்டுப் பூனை கிடையாது. யாரோ படகில் ஏற்றித்தான் கொண்டுபோயிருக்க வேண்டும்.

சேமித்த தானியத்தின் விலையை முதலில் கொடுத்தது பெண்களின் உடம்பு. சிரியாவில் யூப்ரடீஸ் கரையில் இருந்த அபு ஹுரேரா என்ற ஊரை 1972, 1973 ஆண்டுகளில் அவசரமாக அகழ்ந்தார்கள். அணை நீர் அதை மூழ்கடிக்க இருந்தது. அங்கே கிடைத்த எலும்புகளை தேயா மாலசன் என்ற பெண் ஆய்வாளர் பல ஆண்டுகள் பரிசோதித்தார். பல எலும்புக்கூடுகளில் கால் பெருவிரல் மூட்டு தேய்ந்து வளைந்திருந்தது. முதுகெலும்பின் அடிக்கணுக்கள் நசுங்கியிருந்தன. முழங்காலில் அழுத்தத் தழும்பு. தரையில் முட்டியிட்டு, கால்விரலை ஊன்றி, உடம்பை முன்னும் பின்னும் தள்ளி, நாள்தோறும் மணிக்கணக்கில் கல்லில் தானியம் அரைத்தவர்களின் உடம்பு அது. பெரும்பாலும் பெண்கள். நாகரிகத்தின் அடித்தளம் என்று எதையாவது காட்டச் சொன்னால் நான் கோபுரத்தைக் காட்டமாட்டேன், அந்தப் பெருவிரலைத்தான் காட்டுவேன்.

உணவின் வகை குறைந்தது. பல்லில் சொத்தை கூடியது. பல இடங்களில் ஆட்களின் உயரமும் குறைந்தது. அப்படியிருந்தும் உழவுதான் பரவியது. காரணம், பிறப்பு. அலைந்து திரியும் கூட்டத்தில் ஒரு தாய் இரண்டு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. கலஹாரிப் பாலையில் அப்படி வாழ்ந்தவர்களிடம் ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் இடையே நான்கு ஆண்டு அளவு இடைவெளி இருந்தது. வீடு நிலைத்து, பால்மறந்த பிள்ளைக்குத் தானியக் கஞ்சி கிடைக்கத் தொடங்கியதும் இடைவெளி சுருங்கியது. பிள்ளைகள் பலர் இறந்தார்கள். அதைவிட அதிகமானோர் பிறந்தார்கள். இரண்டு மூன்று தலைமுறையில், காட்டின் கதிர் போதாத அளவுக்கு ஊரில் வாய்கள் பெருகிவிட்டன. பின்வாங்க வழியில்லை.

அடுத்த குதிரைப் பார்க்கத் துருக்கியின் நடுப்பகுதிக்குப் போவோம். சட்டல்ஹூயுக். கி.மு. 7100 அளவில் தொடங்கி ஆயிரம் ஆண்டுக்கு மேல் மக்கள் வாழ்ந்த மேடு. 1960-களில் ஜேம்ஸ் மெல்லார்ட்டும், 1993 முதல் இயன் ஹோடரும் அகழ்ந்தார்கள். தெருவே இல்லை. வீட்டுச் சுவரோடு வீட்டுச் சுவர் ஒட்டி நிற்க, மக்கள் கூரைமேல் நடந்து, கூரைத் துளை வழியே ஏணியில் இறங்கி வீட்டுக்குள் போனார்கள். இறந்தவர்களைப் படுக்கும் மேடைக்கு அடியிலேயே புதைத்தார்கள். பல நூற்றாண்டுகள் உழவு செய்த ஊர். பல ஆயிரம் பேர் வாழ்ந்ததாகச் சிலர் சொல்கிறார்கள், அவ்வளவு இராது என்று சிலர். அரண்மனை இல்லை. பொதுக் கோயில் இல்லை. மற்றவற்றைச் சிறுமைப்படுத்தும் பெரிய வீடும் இல்லை. தானியம் எங்கே? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பக்க அறை. அதில் களிமண் குதிர்கள். திராவில் எல்லோர் கண்ணிலும் பட நின்ற தானியம் இங்கே வீட்டுக்குள் போய்விட்டது. ஆனால் எல்லா வீட்டுக்குள்ளும் சமமாகப் போனது. அவரவர் குதிர், அவரவர் அரைகல். உழவும் உபரியும் இருந்தும் அரசு என்ற ஒன்று அங்கே எழவில்லை.

ஆகவே உபரி மட்டும் போதாது என்று தெரிகிறது. இதை இன்னும் அழுத்தமாகச் சொல்லும் இடம் ஒன்று, உலகின் மறுபக்கத்தில். பப்புவா நியூ கினியின் மேட்டுநிலத்தில் குக் என்ற சதுப்பில் 1970-களில் ஜாக் கோல்சன் குழுவினர் அகழ்ந்தபோது, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முந்தைய சாகுபடி மேடுகள் கிடைத்தன; பிற்கால வடிகால்கள் அவற்றைத் தொடர்ந்தன. சேம்பும் வாழையும் பயிரிட்டிருக்கிறார்கள். வெளியார் கற்றுக்கொடுக்காமல் தாங்களே கண்ட வேளாண்மை. மேற்காசியாவுக்கு இணையான திறமை. ஆனால் அங்கே பேரரசு எழவில்லை, வரிப்பட்டியல் எழுதப்படவில்லை.

ஏன் என்று கேட்டால், பயிரைப் பாருங்கள் என்பார் ஜேம்ஸ் ஸ்காட். அமெரிக்க அரசியல் அறிஞரான அவர் 2017-இல் வெளியிட்ட நூலில் இந்த வாதத்தை விரித்து எழுதினார். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். எப்போது வேண்டுமோ அப்போது தோண்டிக்கொள்ளலாம். மரவள்ளி போட்டவர்களைக் கேளுங்கள். பிடுங்காமல் விட்டால் மாதக்கணக்கில் நிலமே அதற்குக் கிடங்கு. பிடுங்கினால் சில நாளில் கெட்டுவிடும், கனமும் அதிகம். கோதுமையும் பார்லியும் நேர்மாறு. தரைக்கு மேல் கதிராக நிற்கும், தூரத்திலிருந்தே விளைச்சலை மதிப்பிடலாம். எல்லாம் ஒரே சமயத்தில் முற்றும். அறுப்பு நாளில் களத்துமேட்டில் ஓர் ஆள் வந்து நின்றால் போதும், ஒன்றையும் மறைக்க முடியாது. காய்ந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. எவ்வளவு சிறிய பங்காகவும் அளக்கலாம், எவ்வளவு தூரமும் படகில் ஏற்றலாம். வரி கேட்பவருக்கு இதைவிட ஏற்ற பொருள் கிடையாது. இந்த வாதம் எல்லாவற்றையும் விளக்கிவிடாது என்றாலும், எனக்கு இதில் உண்மை தெரிகிறது.

அளக்கக்கூடிய தானியம் இருந்தும் சட்டல்ஹூயுக்கில் அதை அளந்து வாங்க ஒருவர் வரவில்லையே? வந்திருந்தால் மக்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு மேட்டுக்குப் போயிருப்பார்கள். வானம் பார்த்த பூமியில் அந்த விடுதலை உண்டு. அந்த விடுதலை இல்லாத நிலம் தெற்கே இருந்தது.

தென் இராக்கில் ஆண்டுக்கு 150 மில்லிமீட்டர் அளவுதான் மழை. மழையை மட்டும் நம்பி பார்லி விளைய 200 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வேண்டும். ஆனால் யூப்ரடீஸும் டைக்ரிஸும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அங்கே கொள்ளை கொள்ளையாகக் கிடந்தது. இடரே ஆற்றின் காலக்கணக்கில். துருக்கி மலைகளின் பனி உருகி வெள்ளம் வருவது ஏப்ரல், மே மாதங்களில். அப்போது பார்லி அறுப்புக்கு நிற்கும். விதைப்புக்குத் தண்ணீர் வேண்டிய இலையுதிர்காலத்தில் ஆறு மெலிந்து ஓடும். எகிப்தில் நைல் கோடையின் முடிவில் பெருகி, வயலை நனைத்து, வடிந்து, விதைப்புக்கு வழிவிட்டுப் போகும். இங்கே ஆறு நேரம் கெட்ட நேரத்தில் வரும். வேண்டியபோது தண்ணீரைக் கொண்டுவரவும் வேண்டாதபோது தடுக்கவும் வாய்க்காலும் கரையும் இல்லாமல் ஒரு மணியும் வீடு சேராது.

மண்ணின் அமைப்பு ஒரு வகையில் உதவியது. ஆறு தன் வண்டலாலேயே படுகையை உயர்த்திக்கொண்டு, சுற்று நிலத்தைவிட மேட்டில் ஓடியது. கரையில் ஒரு வெட்டு வெட்டினால் தண்ணீர் தானே இறங்கி வயலுக்கு வரும். கரை தவறினால் ஊரையே அழிக்கவும் வரும். வாய்க்காலில் வண்டல் படிந்துகொண்டே இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் தூர்வாராவிட்டால் மேடாகிவிடும். தலைமடைக்காரர் மதகை மூடினால் கடைமடைக்காரர் பட்டினி. காவிரிப் பாசனம் தெரிந்த வாசகர்களுக்கு இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய பாசனத்தை நடத்தப் பேரரசு தேவைப்பட்டது, அதனால்தான் அரசு பிறந்தது என்று கார்ல் விட்ஃபோகல் 1957-இல் எழுதினார். வெகுகாலம் அதை எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். ஆனால் ராபர்ட் ஆடம்ஸ் இராக்கின் சமவெளியில் பழைய வாய்க்கால் தடங்களையும் ஊர் மேடுகளையும் ஆண்டுக்கணக்கில் நடந்து வரைபடமாக்கியபோது வேறு காட்சி தெரிந்தது. தொடக்ககால வாய்க்கால்கள் சிறியவை, குட்டையானவை. நாலைந்து ஊர்க்காரர்கள் பேசி வைத்து வெட்டிக்கொள்ளக்கூடியவை. பெரிய வாய்க்கால்கள் வந்தது அரசர்கள் வந்த பிறகு. அந்தத் தொடக்ககால வாய்க்கால்களை அரசு உண்டாக்கவில்லை. பல தலைமுறை உழைப்பு மண்ணில் போய்ப் புதைந்ததும் மக்களுக்கு அதை விட்டுவிட்டுப் போக மனமும் வழியும் இல்லாமல் போயின. சுற்றிலும் பாலை, போனால் எங்கே போவது? அப்படி நிலத்தோடு கட்டுண்டவர்களிடம் பங்கு கேட்பது எளிது.

கேட்டவர் வாளோடு வரவில்லை என்பதுதான் இதில் நுட்பம். எரிடு என்ற ஊரில் 1940-களின் இறுதியில் இராக்கிய அறிஞர் ஃபுவாத் சஃபரும் செட்டன் லாய்டும் ஒரு கோயிலின் அடியில் தோண்டிக்கொண்டே போனார்கள். ஒன்றின் கீழ் ஒன்றாகப் பதினெட்டு அடுக்குகள். அடியில் இருந்தது ஒருவர் கைநீட்டினால் சுவரைத் தொடும் அளவுக்குச் சிறிய மண்கல் அறை. உள்ளே ஒரு பீடம். மேலே வர வர அறை மண்டபமாகி, மேடைமேல் ஏறியது. தரையில் மீன்முள் குவியல். சதுப்பிலிருந்து பிடித்துவந்து தெய்வத்துக்குப் படைத்தவை. ஒவ்வொரு தலைமுறையும் அதே இடத்தில், பழையதைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கட்டியது. முதலில் கொடுத்தது அன்பினால், அச்சத்தினால். பஞ்ச ஆண்டில் அந்தக் கோயில் கிடங்கே ஊருக்குச் சோறு போட்டிருக்கக் கூடும். கொடுப்பது வழக்கமானது, வழக்கம் கடமையானது.

கி.மு. 3200 அளவில் ஊருக் சுமார் 250 ஹெக்டேர் பரப்புள்ள நகரம். 20,000 முதல் 40,000 பேர் வரை வாழ்ந்திருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. நடுவே இனன்னா என்ற பெண்தெய்வத்தின் வளாகம். அங்கே கிடைத்த ஒரு மீட்டர் உயரக் கல்குவளை பாக்தாத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2003 ஏப்ரலில் போரின் குழப்பத்தில் கொள்ளைபோய், ஜூன் மாதம் உடைந்த துண்டுகளாகத் திரும்பிவந்தது. நான் இவ்வளவு நேரம் சொன்னது முழுவதையும் ஐந்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்பி அந்தக் குவளையைச் சுற்றிச் செதுக்கிவைத்திருக்கிறார். அடியில் அலை அலையாகத் தண்ணீர். அதன்மேல் பயிர் வரிசை. அதன்மேல் ஆட்டு வரிசை. அதன்மேல் ஆடையற்ற ஆண்கள், நிறைந்த கூடைகளைச் சுமந்து வரிசையாக. உச்சியில் தெய்வத்தின் வாசல், பின்னால் குவிந்த காணிக்கைகள். கூடை சுமப்பவர்கள் அனைவருக்கும் ஒரே முகம், ஒரே நடை. உச்சியில் நிற்பவருக்கு மட்டும் தனி உடை.

குதிர் இப்போது தெய்வத்தின் வீட்டில் இருந்தது. சாவி தெய்வத்தின் கணக்கரிடம்.

ஒரு வீட்டுக் குதிருக்குக் கணக்கு வேண்டாம். வீட்டுக்காரம்மாவின் ஞாபகம் போதும். பல ஊர்த் தானியம் வந்துபோகும் கிடங்குக்கு அது போதாது. மேற்காசியாவில் அதற்கு முன்பே, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக, சிறு களிமண் உருக்கள் புழங்கின: கூம்பு, உருண்டை, வட்டு. கூம்பு சிறிய அளவு தானியம், உருண்டை பெரிய அளவு என்று விளக்கினார் தெனிஸ் ஷ்மான்ட்-பெசராட் என்ற பெண் அறிஞர். பிறகு அந்த உருக்களை ஒரு களிமண் பந்துக்குள் வைத்து மூடி, வெளியே முத்திரை உருட்டினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உடைக்காமலே தெரிய, மூடுவதற்கு முன் ஒவ்வோர் உருவையும் பந்தின் மேல் அழுத்தித் தடம் பதித்தார்கள். மேலே தடம் இருக்கும்போது உள்ளே உரு எதற்கு? பந்து தட்டையானது, பலகையானது. தடத்தோடு படமும் சேர்ந்தது. எழுத்தின் எல்லாப் படிகளையும் இந்த வழி விளக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் அது கணக்கிலிருந்து பிறந்தது என்பதில் ஐயமில்லை.

ஊருக்கில் கிடைத்த மிகப் பழைய பலகைகளும் துண்டுகளும் சுமார் 5,000. அவற்றில் பெரும்பாலானவை வரவு செலவு. எஞ்சியவை எழுத்து பழகுவோருக்கான சொற்பட்டியல்கள். அவற்றிலும் அதிகம் படியெடுக்கப்பட்டது பதவிகளின், தொழில்களின் பட்டியல். கவிதை இல்லை, பிரார்த்தனை இல்லை, அரசனின் வெற்றி இல்லை. தானியத்துக்கு ஓர் எண்முறை, ஆட்களுக்கு ஒன்று, நிலப்பரப்புக்கு ஒன்று என்று பத்துக்கும் மேற்பட்ட எண்முறைகளைக் கணக்கர்கள் கையாண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பலகை ஒன்றில் 37 மாதங்களுக்கான பார்லி 29,086 அளவு என்று பதிந்திருக்கிறது. நம் கணக்கில் ஏறத்தாழ 1,35,000 லிட்டர். மதுபானம் வடிப்பதற்கான பார்லி. கீழே குஷிம் என்று கையொப்பம்போல் ஒரு பெயர். அது ஓர் ஆளின் பெயராகவும் இருக்கலாம், பதவியின் பெயராகவும் இருக்கலாம். எழுத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பெயர்களில் ஒன்று ஒரு கிடங்குக்காரருடையது.

அதே மண்ணடுக்குகளில் ஒரே மாதிரியான, அழகில்லாத, அச்சில் அழுத்திச் செய்த கிண்ணங்கள் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. கூலியாட்களுக்குப் படி அளந்து கொடுத்த கிண்ணம் என்று பலர் கருதுகிறார்கள். ரொட்டி அச்சு என்போரும் உண்டு. இரண்டில் எதுவானாலும், தன் சோற்றைத் தன் குதிரிலிருந்து எடுக்காத ஆயிரக்கணக்கானோர் அங்கே இருந்தார்கள் என்பது அந்தக் கிண்ணங்களின் செய்தி. ஆயிரம் ஆண்டு கழித்து, கி.மு. 2100-ஐ ஒட்டி, ‘ஊர்’ என்ற பெயர்கொண்ட நகரத்தின் அரசர்கள் காலத்தில் அந்தப் படியின் அளவே பலகைகளில் தெளிவாக இருக்கிறது: ஆணுக்கு மாதம் 60 சிலா பார்லி, பெண்ணுக்கு 30. ஒரு சிலா ஏறத்தாழ ஒரு லிட்டர். முட்டியிட்டு அரைத்தவளுக்குப் பாதி.

தானியத்தை எழுதிவைக்க முடிந்ததும் கடனையும் எழுதிவைக்க முடிந்தது, அதன் வட்டியையும். பார்லிக் கடனுக்கு மூன்றில் ஒரு பங்கு வட்டி என்பது அந்த நாட்டில் வழக்கமானது. கி.மு. 2400-களில் லகாஷ், உம்மா என்ற இரண்டு அண்டை நகரங்கள் எல்லையோர வயலுக்காகவும் வாய்க்கால் நீருக்காகவும் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டன. விவரமாக எழுதப்பட்டு நமக்குக் கிடைத்த மிகப் பழைய போர்க்கதை அது. அந்த வழக்கின் மையத்திலும் ஒரு பார்லிக் கணக்கு: உம்மாக்காரர்கள் அந்த வயலை உழுததற்குச் செலுத்தாத குத்தகை, வட்டிமேல் வட்டி ஏறி, எந்த நிலமும் விளைவித்துத் தர முடியாத எண்ணிக்கையாகிவிட்டது என்று லகாஷ் அரசன் என்மெதெனா எழுதிவைத்தான். மண்ணில் விளைவதற்கு எல்லை உண்டு. பலகையில் எழுதும் எண்ணுக்கு எல்லை இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கியவர்கள் முதலில் ஆட்டை, பிறகு வயலை, கடைசியில் பெற்ற பிள்ளையை ஈடுவைத்தார்கள்.

அதே என்மெதெனாதான், நமக்குத் தெரிந்தவரை முதன்முதலாக, தன் மக்களின் கடன்களைத் தள்ளுபடி செய்த அரசன். கடனுக்காகப் பிரிந்துபோன பிள்ளைகள் தாயிடம் திரும்ப வழிசெய்ததாக அவனுடைய கல்வெட்டு சொல்கிறது. பிற்காலப் பாபிலோன் அரசர்கள் பலர் பட்டமேறியதும் இப்படித் தள்ளுபடி ஆணை வெளியிட்டார்கள். கி.மு. 1750-ஐ ஒட்டிய ஹம்முராபியின் சட்டத்தில் இரண்டு விதிகள் அருகருகே வருகின்றன. தன் பக்கத்துக் கரையைச் சோம்பலால் கவனிக்காமல் விட்டு, அது உடைந்து அயலார் வயல் மூழ்கினால், அழிந்த தானியத்தை அவன் ஈடுகட்ட வேண்டும். முடியாவிட்டால் அவனையும் அவன் உடைமையையும் விற்று, பாதிக்கப்பட்டவர்கள் பிரித்துக்கொள்ளலாம். அதற்குச் சற்று முன்னால் இருக்கும் விதி வேறு விதமானது. கடன்பட்ட உழவனின் வயலை மழைவெள்ளம் அடித்துக்கொண்டு போனாலோ, தண்ணீர் இல்லாமல் பயிர் காய்ந்தாலோ, அந்த ஆண்டு அவன் கடன் கொடுத்தவருக்குத் தானியம் தர வேண்டியதில்லை; கடன் எழுதிய களிமண் பலகையை நனைத்து மாற்றி எழுதிக்கொள்ளலாம்; அந்த ஆண்டுக்கான வட்டியும் இல்லை.